முள் தைத்த இடம் ஏன் சிவக்கிறது?

மலேசியாவின் ஜொகூரில், குளுவாங், கோத்தா திங்கி பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுகிறவர்களுக்கு முள் தைப்பது அன்றாட விஷயம். மட்டையின் அடியிலும் குலையிலும் முள். குத்திய சிறிது நேரத்தில் அந்த இடம் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிக்கத் தொடங்குகிறது. முள்ளோடு கிருமி நுழைந்துவிட்டது என்பார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. கிருமி நீக்கிய கத்தியால் மருத்துவர் கீறிய இடமும் சிவக்கத்தானே செய்கிறது? அங்கே உடல் யாரைக் கண்டு கிளம்புகிறது?

இந்தக் கேள்விக்கான விடையும் ஒரு முள்ளில்தான் தொடங்கியது. 1882-ல் சிசிலித் தீவின் மெசினாவில், விஞ்ஞானி இலியா மெச்னிக்கோவ் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைச் செருகினார். மறுநாள் காலை, நகரும் செல்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. அவை வருகின்றன என்பது தெரிந்தது. முள் தைத்ததை எப்படி அறிகின்றன என்பது தெரிய நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1996-ல் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர் பழ ஈயில், 'டோல்' என்ற மரபணு கெட்டால் ஈ பூஞ்சை தொற்றிச் சாகிறது என்று காட்டினார்கள். 1998-ல் புரூஸ் பாய்ட்லர், பாக்டீரியாவின் மேலுறைப் பொருளை எலியின் உடல் உணர்வது அதே இனத்தைச் சேர்ந்த ஓர் ஏற்பியால் என்று கண்டார். 2011 நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது.

கிருமியே இல்லாத காயத்துக்கு வருவோம். எனக்கு இன்றும் வியப்பு தீராத இடம் இது. நம் செல்களுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா, நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் தனித்து வாழ்ந்த ஒரு பாக்டீரியாவின் வழிவந்தது. அதன் டி.என்.ஏ.விலும் புரதத் துண்டுகளிலும் பாக்டீரியாவின் சாயல் இன்னும் இருக்கிறது. செல் முழுதாக இருக்கும்வரை அவை உள்ளேயே கிடக்கும். செல் கிழிந்தால் வெளியே கொட்டும். உடனே, பாக்டீரியாவுக்கென்று காத்திருக்கும் டோல் ஏற்பிகளில் ஒன்று அந்த டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்கிறது, புரதத் துண்டுகளைத் தேடி நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் விரைகின்றன. பலத்த அடிபட்டவர்களின் ரத்தத்திலேயே மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. மிதப்பதை 2010-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

முதல் ஓரிரு நாள் நியூட்ரோஃபில்களின் ஆட்சி. கிருமியைக் கொன்று தாமும் மடிகின்றன. பின்னால் வரும் மேக்ரோஃபேஜ் என்னும் வெள்ளணுக்கள் அந்தப் பிணங்களை விழுங்குகின்றன. விழுங்கியதும் அவற்றின் குணமே மாறுகிறது. அதுவரை அந்தச் சிவப்பும் வீக்கமுமான அழற்சியைத் தூண்டிய அதே செல், இப்போது அதை அடக்கி, புது ரத்தக்குழாயும் இணைப்புத் திசுவும் வளர உத்தரவிடுகிறது. இவை இல்லாமல் காயம் சரியாக ஆறுவதில்லை: 1975-ல் கினிப்பன்றிகளின் மேக்ரோஃபேஜ்களைக் குறைத்துப் பார்த்தபோது புண் ஆறுவது மிகவும் தாமதமானது. அதனால் வீக்கத்தைக் கண்டதுமே பகையாக நினைக்க வேண்டாம். அது வரவேண்டும், வந்த வேலை முடிந்ததும் போகவேண்டும்.

போகாவிட்டால்தான் ஆபத்து. இனிப்புநீர் உள்ளவரின் காலில் அதுதான் நடக்கிறது. சர்க்கரை மிகுந்த ரத்தத்தில் மேக்ரோஃபேஜ்களின் அந்தக் குணமாற்றம் தடைபடுகிறது. அழற்சி மாதக்கணக்கில் நீடித்து, புதிதாக வளரும் திசுவையும் அரிக்கிறது. நரம்பு மரத்துவிட்டதால் வலியும் தெரியாது. மலேசியாவில் 2019-ல் நடந்த தேசிய நல ஆய்வின்படி, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே மட்டும் பார்த்தால் சுமார் 31 விழுக்காடு. ஜொகூரில் இனிப்புநீரால் விரலையோ காலையோ இழந்த ஒருவரையாவது அறியாத தமிழ்க் குடும்பம் குறைவு என்றே நினைக்கிறேன். அந்த 31 விழுக்காடு என்னை வாட்டுகிறது.

புண் விரைவில் ஆற, அறுவை முடிந்தவர்களுக்கு ஹாருவான் மீன் சூப்பு கொடுப்பது இங்கே எல்லா இனத்தாரிடமும் உள்ள வழக்கம். நம் விரால்தான் அது. ஆய்வாளர்கள் 1994-ல் அந்த மீனில் கிளைசினும் அராக்கிடோனிக் அமிலமும் நிறைய இருப்பதைக் காட்டினார்கள். அழற்சியை நடத்தும் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாவது அந்த அமிலத்திலிருந்துதான். குடிக்கட்டும், நல்ல உணவு. ஆனால் இனிப்புநீரால் ஆறாத கால் புண்ணுக்கு அது மட்டும் போதாது.

மருத்துவமனையில் அந்தப் புண்ணை, நல்ல ரத்தம் கசியும்வரை சுரண்டி எடுப்பார்கள். "இருக்கிற புண்ணை இன்னும் பெரிசாக்குறாங்களே" என்று வீட்டார் பதறுவது இயல்பு. செத்த திசுவையும் அதில் படிந்த பாக்டீரியாப் படலத்தையும் அகற்றி, பழைய புண்ணைப் புதுக் காயமாக்குகிறார்கள். தேங்கி நின்ற அழற்சி முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்க ஒரு வாய்ப்பு அது. அதோடு சர்க்கரையும் இறங்கி, அந்தக் காலில் பாரம் விழாமலும் இருந்தால், மேக்ரோஃபேஜ்கள் இந்தமுறை மாறக்கூடும்.