உங்களுக்குத் தெரியுமா? கிருமி உதிர்க்கும் குமிழே தடுப்பூசி!

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையின் 365 படிகளிலும் காவடிகள் நிறைந்திருக்கும். இப்படிக் கூட்டம் சேரும் திருவிழாக்களில், ஒரு காலத்தில் பக்தர்களோடு காலராவும் ஊர் ஊராகப் போனது. அந்தக் காலரா கிருமி தன் மேலுறையிலிருந்து குட்டிக் குமிழ்களை உதிர்ப்பதை 1967இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து எழுதியவர்கள், கல்கத்தாவின் எஸ்.என். சாட்டர்ஜியும் ஜே. தாஸும். நம் பாடப்புத்தகங்களில் இடம்பெற வேண்டிய பெயர்கள்!

குமிழின் குறுக்களவு சுமார் 20 முதல் 250 நானோமீட்டர். கிருமியின் மேலுறைப் புரதங்கள் அதில் அப்படியே இருக்கும். ஆனால் அதற்கு உயிரில்லை, பெருகாது. நோயைத் தராமலே எதிரியின் முகத்தை உடலுக்கு அடையாளம் காட்டிவிடும்.

மூளையுறைக் காய்ச்சலைத் தரும் மெனிங்கோகாக்கஸ் 'பி' வகை பரவியபோது, நியூசிலாந்து 2004இல் அந்தக் கிருமியின் மேலுறைக் குமிழ்களைக் கொண்ட தடுப்பூசியைப் போடத் தொடங்கியது. போட்டுக்கொண்டவர்களிடம் மெனிங்கோகாக்கஸின் உறவுக் கிருமியால் வரும் வெட்டை நோயும் சுமார் 31 சதவீதம் குறைந்திருந்ததாக 2017இல் வெளியான ஆய்வு சொன்னது. யாரும் எதிர்பாராத வரவு!

கொல்கத்தாவின் தேசிய காலரா ஆய்வு நிறுவனத்தில், சீதபேதி தரும் ஷிகெல்லாவின் குமிழ்களைப் பெண் எலிகளுக்கு வாய்வழி கொடுத்துப் பார்த்தார்கள். அவை ஈன்ற குட்டிகளுக்கும் பாதுகாப்பு கிடைத்தது.