புட்பெயராய்வும் பறவையியலார் குறிப்புச்சீட்டும்

சங்கச் செய்யுட்களிற் பயிலும் புட்பெயர் பலவற்றிற்கு உரைகளும் அகராதிகளும் ஒருவகைப் பறவை என்னும் அளவிற் பொருள் கூறி அமைகின்றன. அஃது எப்பறவை எனத் துணியப் புகுவார், பறவையியலார் ஒரு நாளில் ஆற்றும் பணியை அறிதல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் சமவெளிகளிற் பறவை தொகுத்தோர் விடியலிலேயே துப்பாக்கியுடன் புறப்படுவர். வெப்ப நாட்டில் ஊன் விரைந்து அழுகும். ஆதலின் காலையில் வீழ்த்திய புள்ளை அன்றே உரித்து, தோலின் உட்புறத்தே பாடாணம் கலந்த சவர்க்காரம் தடவிப் பஞ்சு திணிப்பர். கண், அலகு, கால் ஆகியவற்றின் நிறம் உலர்ந்தபின் மாறுமாகலின், அதனை முன்னரே எழுதிக்கொள்வர். ஆண் பெண் வேறுபாடு இறகால் விளங்காதவிடத்து உடலை அறுத்துத் துணிவர். இடமும் நாளும் குறித்த சீட்டொன்றை இறுதியிற் காலிற் கட்டுவர். சீட்டற்ற தோல் எத்துணை அழகியதாயினும் ஆய்வுக்குப் பெரிதும் உதவாது. (காலமும் இடமும் அறியப்படாத தனிப்பாடலின் நிலையும் ஏறக்குறைய அதுவே.)

சென்னைப் படையில் மருத்துவராயிருந்த ஜெர்டன், 1862 முதல் 1864 வரை வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூலில் நாட்டுவழக்குப் பெயர்களையும் சேர்த்துத் தந்தார். தமிழாய்வார்க்கு அஃது அரும்பேறு.

சீட்டின் பயனை உத்திரமேரூர்ப் பகுதியிலேயே தெளியலாம். பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டில் ஏரி வாரியம் பேசப்பெறும் இவ்வூர்க்கும் மதுராந்தகத்திற்கும் இடையே உள்ளது வேடந்தாங்கல் ஏரி. ஆண்டு நீர்க்கடம்ப மரங்களிற் கூடுகட்டும் நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவே இடைவெளி உடையது. இளம்பறவைக்கு அவ்விடைவெளி இல்லை. உண்ணிக்கொக்கோ பிற நாளில் வெண்ணிறத்தது. இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலையும் கழுத்தும் செம்மஞ்சளாகும். வளர்ச்சியும் பருவமும் எழுதாது விடின் ஒரு புள் இரு புள்ளாய்த் தோன்றும். செய்யுள் கூறும் நிறமொன்றே பற்றிப் புள்ளைத் துணிவாரும் இவ்விழுக்கிற்கு ஆளாவர். பி. எல். சாமி 1976-இல் வெளியிட்ட 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' நிறத்தொடு உணவும் உறைவிடமும் ஒலியும் ஒப்புநோக்கும் நெறியை நமக்குக் காட்டிற்று.

இன்று துப்பாக்கிக்கு இடமில்லை. 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதனை விலக்கிற்று. வேடந்தாங்கல் உழவரோ அதற்கு நெடுங்காலம் முன்னரே வேட்டையை எதிர்த்தவர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாதலை அறிந்தவர். பறவை காத்தற்கு 1798-இல் செங்கற்பட்டு ஆட்சியரிடம் உரிமைப் பத்திரமும் பெற்றனர். ஆகவே புட்பெயர்களை அவர் வாய்க் கேட்டு, ஊர், திங்கள், பறவையின் பருவம் ஆகியவற்றொடு எழுதுதல் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். கார்த்திகை முதல் மாசி வரை பறவைகள் கூடுகளில் அமர்ந்திருக்கும். கரைமேல் நின்றே புள்ளைச் சுட்டிப் பெயர் கேட்டற்கு அதுவே ஏற்ற காலம்.