பீடத்தின் பொன்னை ஈரத்துணியால் துடைக்காதீர்கள்

கொடியேற்றத்துக்கு முந்திய வாரம் மன்னார்க் கரையில் எந்தக் கோயிலுக்குப் போனாலும் வேலை மும்முரமாக நடக்கும். ஒட்டடை அடிப்பார்கள், விளக்குகளைத் துலக்குவார்கள், சுரூபங்களைக் கூட்டிலிருந்து இறக்கித் தூசி தட்டுவார்கள். பக்தியோடு செய்கிற வேலை. ஆனால் பழைய மரப்பீடம் ஒன்று அங்கே இருந்தால், அந்த ஒரு வாரத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு ஈரத்துணியும் தங்க நிறப் பெயின்ற் ரின் ஒன்றும் அதற்குச் செய்யக்கூடிய கேட்டைப் பல தலைமுறைக் கடற்காற்றும் செய்திருக்காது. அலட்சியத்தால் வருகிற கேடல்ல இது. பொன் எதைப் பிடித்துக்கொண்டு மரத்தில் நிற்கிறது என்பது வெளியே தெரியாததால் வருவது.

பீடம் என்று இங்கே சொல்வது பூசை நடக்கும் மேசையை மட்டும் அல்ல. அதன் பின்னால் சுவரை மறைத்துக்கொண்டு முகடு வரை எழும் மரவேலையையும் சேர்த்துத்தான். முறுக்கிய தூண்கள், அவற்றில் படரும் திராட்சைக் கொடி, இடையிடையே சம்மனசுகள், நடுவில் சுரூபத்துக்கான மாடம், எல்லாவற்றின் மேலும் பொன். பரோக் என்று பெயர் பெற்ற இந்தப் பாணி 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமாபுரியில் உருப்பெற்றது. புனித பேதுரு பேராலயத்தின் நடுப்பீடத்தின் மேல் பெர்னினி எழுப்பிய வெண்கல விதானம் அதன் உச்சங்களில் ஒன்று. 1624இல் தொடங்கிய வேலை அது. உயரம் சுமார் 29 மீற்றர். மெழுகுதிரியைத் தவிர வேறு வெளிச்சம் இல்லாத காலத்தில், சுடர் அசையும்போதெல்லாம் பொன்னும் அசைவதாகத் தோன்ற இந்த வளைவும் முறுக்கும் உதவின. மின்விளக்கின் கீழ் நின்று பார்க்கிற நமக்கு அதன் அழகில் பாதிதான் கிடைக்கிறது.

போர்த்துக்கேயர் இதை மரத்தில் செய்தார்கள். நம் பக்கத்தில் அதற்குப் பட்டறையாக இருந்தது கோவா. சவேரியாரின் உடல் வைக்கப்பட்டிருக்கும் பொம் ஜேசு ஆலயம் 1605இல் அர்ச்சிக்கப்பட்டது. அதன் பொற்பீடத்தின் முன் நின்றால், அன்றைய குருமார் இந்தக் கரைகளுக்கு எந்தக் கனவைக் கொண்டுவந்தார்கள் என்பது புரியும். உளி பிடித்த கைகளோ நம்மவர் கைகள். 1567இல் கோவாவில் கூடிய முதல் மாகாணச் சங்கம், கிறிஸ்தவர் அல்லாத கைவினைஞரிடம் திருவுருவ வேலைகளைக் கொடுக்கக் கூடாது என்று தடை விதித்தது. தடை போடவேண்டி வந்ததிலிருந்தே, அதுவரை அந்த வேலையை யார் செய்துவந்தார்கள் என்பது விளங்கும்.

மன்னாருக்குக் கத்தோலிக்கம் வந்த கதை இரத்தத்தில் நனைந்தது. சவேரியார் அனுப்பிய குரு ஒருவரிடம் 1544இல் மன்னாரின் பட்டிம் ஊர் மக்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதே ஆண்டில் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி அவர்களை வெட்டுவித்தான். மாண்டவர் அறுநூறு பேருக்கு மேல் என்பது மரபு. தோட்டவெளியில் இன்றும் வேதசாட்சிகளை நினைவுகூர்கிறார்கள். 1560இல் கோவாவின் ஆளுநர் கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா தீவைப் பிடித்துக் கோட்டை கட்டினார். முத்துக்குளிப்புக் கரையின் தலைமையும் புன்னைக்காயலிலிருந்து மன்னாருக்கு மாறியது. திருக்கேதீச்சரம் இடிக்கப்பட்டதும், அதன் கற்கள் கோட்டைக்குப் போனதாகச் சொல்லப்படுவதும் இந்தப் போர்த்துக்கேயர் காலத்தில்தான். ஒரு சமயத்தாரின் பீடங்களைப் பற்றி எழுதுகிறவர் மற்றச் சமயத்தாரின் இழப்பை மறைத்துவிட்டு எழுத முடியாது.

1658 பெப்ரவரியில் ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்தார்கள். அவர்களுடைய சீர்திருத்த சபைக்குச் சுரூபம் என்பது விக்கிரகம், பொற்பீடம் வீண் ஆடம்பரம். அவர்களுக்கு வேண்டியது வெள்ளையடித்த சுவரும் ஒரு பிரசங்க மேடையும்தான். படையோடு வந்த போதகர் பிலிப்பஸ் பால்தேயஸ் 1672இல் வெளியிட்ட நூலில் யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களின் படங்கள் இருக்கின்றன. போர்த்துக்கேயர் கட்டிய அதே கட்டடங்கள் புதிய சபைக்கு மாறிவிட்டதை அவற்றில் பார்க்கலாம்.

சுவரோடு பொருத்திய பீடத்தை ஓர் இரவில் கழற்றிக்கொண்டு ஓட முடியாது. சுரூபத்தைக் கொண்டு ஓடலாம். 1670 அளவில் மாந்தைக் கோயிலின் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு சில குடும்பங்கள் வன்னிக் காட்டுக்குள் போயின. அது தங்கிய இடம்தான் மருதமடு. 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்து இறங்கிய யோசப் வாஸ் அடிகள், சிதறிக் கிடந்த இந்த மக்களைத் தேடித் தேடித் திரட்டினார். 1924 ஜூலை 2ஆம் திகதி மடு மாதாவுக்கு முடிசூட்டினார்கள். 2008 ஏப்ரலில், போர் நெருங்கியபோது, அதே சுரூபம் மறுபடி தூக்கப்பட்டுத் தேவன்பிட்டிக்குப் போய், ஓகஸ்டில் திரும்பியது. 2015 ஜனவரி 14 காலை கொழும்பில் யோசப் வாஸைப் புனிதராக அறிவித்த திருத்தந்தை பிரான்சிஸ் அன்று பிற்பகலே மடுவுக்கு வந்தார். நிலையாக நின்ற பீடங்களைவிட, கையில் எடுத்துப் போகக்கூடிய சிறிய பொருட்களே இந்தக் கரையில் அதிகம் பிழைத்தன என்பது என் எண்ணம். அதனாலேயே ஊர்க் கோயில்களின் அறைகளில் கிடக்கும் பழைய சுரூபம், உடைந்த தூண் துண்டு, பூவேலைப் பலகை எல்லாவற்றுக்கும் மதிப்பு கூடுதல்.

இனி அந்தப் பலகைக்குள் போவோம்.

முதலில் மரம். செதுக்கி முடித்ததும் அதன்மேல் விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையைப் பூசுவார்கள். அடுத்து ஜிப்சத் தூளையோ சுண்ணக்கல் தூளையோ அதே பசையில் குழைத்த வெண்சாந்து, பல பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு தேய்த்து வழவழப்பாக்குவார்கள். அதன்மேல் இரும்புச்சத்து நிறைந்த மிக நைசான செங்களி. பொன்னுக்கு அந்தச் சூடான நிறத்தைக் கொடுப்பது அடியில் இருக்கும் இந்தச் சிவப்புத்தான். பின்பு களியை நீரால் நனைத்து, பொன் தாளை மூச்சு விடாமல் அதன்மேல் இறக்கி, ஈரம் சரியாக வற்றுகிற நேரம் பார்த்து அகேட் கல்லால் தேய்த்து மினுக்குவார்கள். பொன் தாளின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும். பழைய தாள்கள் அதைவிடச் சற்றுத் தடித்தவை.

பொன் துருப்பிடிக்காது, கறுக்காது. காற்றிலும் உப்பிலும் அதற்கு எதுவும் ஆகாது. ஆனால் அதைத் தாங்கி நிற்கிற களியும் வெண்சாந்தும் பசையால் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பசை தண்ணீரில் இளகும். நீரால் ஒட்டிய பொன் நீராலேயே போய்விடும். ஈரத்துணியால் இரண்டு முறை அழுத்தித் துடைத்தால், மேடான இடங்களில் முதலில் சிவப்பு தெரியும், பிறகு வெள்ளை, கடைசியில் மரம். எண்ணெய் கலந்து ஒட்டிய பொன்னும் உண்டு. அது நீரைக் கொஞ்சம் தாங்கும். பார்த்த மாத்திரத்தில் எது எதென்று சொல்வது கடினம்.

மரத்துக்கும் வெண்சாந்துக்கும் இடையே வேறொரு சச்சரவு உண்டு. மரம் ஈரம் குடித்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும். அதுவும் இழை ஓடும் திசையில் அசைவு மிகக் குறைவு, குறுக்கே மிக அதிகம். வெண்சாந்து அப்படி நெளிந்து கொடுக்காது. மன்னாரில் மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை கொட்டித் தீர்க்கும். சோளகம் வீசுகிற மாதங்களிலோ எல்லாம் வறண்டு காயும். ஒவ்வொரு ஆண்டும் மரம் ஒரு முறை வீங்கிச் சுருங்க, மேலுள்ள சாந்து வெடித்துச் செதில் செதிலாக எழும்பும். பொன் தாளோ அந்தச் செதிலின் முதுகில் ஒட்டியபடியே கீழே விழும்.

அடுத்தது உப்பு. சாதாரண உப்புக்கு ஓர் எல்லை இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி பளிங்காக உறையும். கடலோரத்தில் ஒரே நாளில் இந்த எல்லையை ஈரப்பதம் மேலும் கீழுமாகக் கடப்பது சாதாரணம். கல்லின் நுண்துளைக்குள்ளும் சாந்தின் வெடிப்புக்குள்ளும் பளிங்கு வளரும்போது அது சுற்றுப்புறத்தை நெட்டித் தள்ளும். நம் பழைய கோயில்களின் சுவர்கள் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். இரண்டும் ஈரத்தை உள்வாங்கி மெதுவாக வெளியே விடுபவை. அவற்றின்மேல் சீமெந்து பூசிவிட்டால் ஈரம் வெளியேற வழி இல்லாமல், பூசாத பக்கமாக, பெரும்பாலும் பீடத்தின் பின்புறமாகத் தேடிப்போகும். பீடம் கெடுகிறது என்று பீடத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் சுவரைப் பார்ப்பதில்லை. பீடத்துக்கு வைத்தியம் சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும்தான் தொடங்க வேண்டும்.

அந்த ஈரத்தின் பின்னாலேயே கறையான் வரும். உளுப்பூச்சி தனியாக வரும். அதன் புழு வெளித்தோலை விட்டுவிட்டு மரத்தின் உள்ளே மட்டும் தின்னும். வெளியே குண்டூசி நுனி அளவு துளைகளும் அடியில் மாவும் தெரியும்போது உள்ளே பாதி மரம் போயிருக்கும். மருந்தைத் தெளித்தால் பொன்னும் நிறமும் கெடலாம். அதனால் பழம்பொருட்களைச் சீர்செய்யும் மீட்பாளர்கள் பொருளைக் காற்றுப்புகாத உறைக்குள் வைத்து நைதரசனை நிரப்புகிறார்கள். ஒட்சிசன் அரை சதவீதத்துக்கும் கீழே சில வாரங்கள் இருந்தால் முட்டை, புழு, வண்டு எல்லாம் மடியும். பொன்னில் ஒரு துளி மருந்தும் படாது.

எழும்பிய செதில்களை மீண்டும் படிய வைக்க அவர்கள் விரும்பிப் பயன்படுத்துவது மீன் பசை. ஸ்டர்ஜன் மீனின் காற்றுப்பையைக் காயவைத்து, வெதுவெதுப்பான நீரில் கரைத்து எடுப்பது. மெல்லிய தூரிகையால் செதிலின் விளிம்பில் ஒரு துளி வைத்தால் அது தானாக உள்ளே ஊறும். பின்பு மெல்லிய தாளை மேலே வைத்து, இளஞ்சூட்டில் மெதுவாக அழுத்துவார்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நாள் முழுதும் போய்விடும்.

அழுக்கு நீக்கும் வேலையில் வியப்பான ஒன்று உண்டு. மீட்பாளர்கள் பல காலமாகப் பஞ்சுக் குச்சியைத் தம் எச்சிலில் நனைத்துத் துடைத்து வந்தார்கள். இது வெறும் பழக்கமா, பலன் உள்ளதா என்று போர்த்துக்கல்லைச் சேர்ந்த பவுலா ரொமாவும் இரு தோழர்களும் ஆராய்ந்து 1990இல் கட்டுரை வெளியிட்டார்கள். எச்சிலில் உள்ள அமிலேஸ் என்ற நொதியே அந்த வேலையைச் செய்கிறது என்று கண்டார்கள். சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2018இல் அதற்குக் கிடைத்தது. நான் இதைச் சொல்வது யாரும் வீட்டில் செய்துபார்க்க அல்ல. எந்த இடத்தில் எந்த அளவு ஈரம் தாங்கும் என்று முதலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் சோதித்த பிறகே அவர்கள் முன்பக்கத்தைத் தொடுவார்கள்.

அந்தச் சோதனைக்கும் முன்னால் படம் எடுப்பார்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்று, புற ஊதா ஒளியில் ஒன்று, தேவையானால் எக்ஸ் கதிரில் ஒன்று. பிறகு மணல் துகள் அளவு ஒரு சிம்பை எடுத்து, அதன் குறுக்குவெட்டை நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். அங்கே மரத்தின் முழு வரலாறும் அடுக்கடுக்காக நிற்கும்: வெண்சாந்து, செங்களி, பொன், அதன்மேல் மெழுகுதிரிக் கரி, ஒரு மங்கிய வார்னிஷ், ஒரு நீலப் பூச்சு, மறுபடி கரி, கடைசியில் அண்மைக்கால எனாமல். எனாமலைச் சுரண்டி எறிந்தால் அடியில் உள்ள அத்தனையும் கூடவே போகும். அந்த எனாமலில் மினுக்குவதும் பொன் அல்ல, பெரும்பாலும் பித்தளைத் தூள். சில ஆண்டுகளில் கறுத்துவிடும். கறுத்ததும் மேலே இன்னொரு பூச்சு. இப்படி மூன்று நான்கு பூச்சில் சம்மனசின் கண்ணிமையும் விரல் நகமும் மூடிப்போய், முகம் மொழுக்கட்டியாகும்.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு கோவாவிலேயே சான்று இருக்கிறது. 1950களில் பொம் ஜேசுவின் வெளிச்சுவர்ச் சுண்ணாம்புப் பூச்சை, கல் தெரிந்தால் பழைமையாக இருக்கும் என்று கருதி நீக்கினார்கள். செம்பூரான்கல் மழைக்கு நேரே திறந்துவிடப்பட்டது. அது இன்றுவரை அரிபட்டுக்கொண்டே இருக்கிறது. பெர்னினியின் விதானத்துக்கோ, 250 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் முறையாக முழு மீட்பு 2024இல்தான் நடந்தது. சாரம் கட்டி மாதக்கணக்கில் வேலை செய்து அழுக்கையும் பழைய மெழுகையும் எடுத்தார்கள். புதிய பொன் பூசிப் பளபளக்க வைப்பது அங்கே நோக்கமாக இருக்கவில்லை.

மடுவிலும் மாந்தையிலும் பேசாலையிலும் சுரூபங்கள் காட்சிப் பொருட்கள் அல்ல. அவற்றுக்கு உடை சாத்தவேண்டும், மாலை போடவேண்டும், கூட்டில் வைத்து ஊர்வலம் போகவேண்டும். அதைத் தடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் சொல்கிற மீட்பை நான் ஏற்கமாட்டேன். மாலையின் ஈரம் நேரே படாமல் இடையில் ஒரு துணி, மெழுகுதிரிகளுக்குச் சற்றுத் தள்ளி ஒரு தட்டு, தூசிக்குக் காய்ந்த மென்தூரிகை, பீடத்துக்கும் சுவருக்கும் இடையே காற்றுப் போக நான்கு விரல் இடைவெளி. இதற்கெல்லாம் செலவே இல்லை.

இலங்கையின் 1940ஆம் ஆண்டு தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருள் தொல்பொருள் ஆகும். போர்த்துக்கேயர் காலத்ததோ ஒல்லாந்தர் காலத்ததோ ஆன ஒரு பீடத்துண்டு உங்கள் கோயிலின் சாமான் அறையில் கிடந்தாலும் அது அந்த வரம்புக்குள் வரும். பங்குத்தந்தையரிடமும் பங்குச் சபையாரிடமும் என் வேண்டுகோள் இது: பெயின்ற் வாங்க ஆள் அனுப்பும் முன் அந்தப் பொருளை நான்கு பக்கமும் படம் எடுங்கள், அளந்து ஏட்டில் எழுதுங்கள், மறைமாவட்டத்துக்கும் தொல்பொருள் திணைக்களத்துக்கும் அறிவியுங்கள். அவர்கள் வரும்வரை அதைத் துடைக்கவும் வேண்டாம், சுரண்டவும் வேண்டாம்.