வல்லை வெளியில் ஒரு புது எஞ்சின்

தொடர் – 11

கொழும்பில் சாவியை வாங்கியபோது மீற்றரில் 17 கிலோமீற்றர் காட்டியது. இரவு எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது 420-ஐத் தாண்டியிருந்தது. என் மருமகனுடைய புதுக் காரின் முதல் நாள் அப்படிக் கழிந்தது. வடக்கில் புதுக் கார் வாங்குகிற பலருக்கும் முதல் நாள் இப்படித்தான் போகிறது. கார் கொழும்பில் நிற்கிறது, வீடு நானூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. ஓர் எஞ்சின் பழகுகிற முதல் ஆயிரம் கிலோமீற்றரில் நூற்றுக்கு நாற்பது பங்கு, வீட்டுக்கு வந்து சேருமுன்னே முடிந்துவிடுகிறது. அந்த நாற்பதை எப்படி ஓடினோம் என்பதைத்தான் இந்தக் கிழமை எழுத வேண்டும் என்று இருந்தேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு வழி திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022-இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றோம், பிறகு கியூஆர் அட்டையைக் காட்டி லீற்றர் கணக்கில் வாங்கினோம். இந்த ஐந்து வருடத்தில் லைசென்ஸ் எடுத்த பிள்ளைகள் ஓட்டிப் பழகியதெல்லாம் பழைய கார்களில்தான். புது எஞ்சினைக் கையில் எடுத்துப் பழகிய அனுபவம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. மருமகனும் அப்படி ஒருவர். புறப்படுமுன்பே ஊரிலிருந்து மூன்று பேர் தொலைபேசியில் அழைத்து, நாற்பதுக்கு மேல் போகாதே என்று சொல்லிவிட்டார்கள். அவர் கைநூலைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்:

“மாமா, எல்லாரும் மெதுவா ஓடச் சொல்லினம். இதில வேற மாதிரியெல்லோ கிடக்கு?”

கிடந்தது உண்மைதான். ஜப்பான் கம்பனிகளின் கைநூல்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. முதல் 300 கிலோமீற்றருக்குச் சடுதியாக பிறேக் பிடிக்காதே. முதல் 1000 கிலோமீற்றருக்கு அதிவேகம் வேண்டாம், சடுதியாக அக்சிலேற்றரை மிதிக்காதே, சின்னக் கியரிலேயே இழுத்துக்கொண்டு போகாதே. கடைசியாக, நீண்ட நேரம் ஒரே வேகத்தில் ஓடாதே. எங்கள் பெரியவர்கள் யாரும் சொல்லாத வரி இந்தக் கடைசி வரிதான். ஏ-9 வீதியில் நாற்பதிலேயே பிடித்துக்கொண்டு வந்திருந்தால் அந்த வரியைத்தான் மணிக்கணக்காக மீறியிருப்போம்.

ஏன் என்று விளங்க வேண்டுமானால் சிலிண்டருக்குள் பார்க்க வேண்டும். புதுச் சிலிண்டரின் சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ஹோனிங் கல்லால் குறுக்கும் மறுக்கும் கீறி, வேண்டுமென்றே சொரசொரப்பாக விட்டிருப்பார்கள். அந்தக் கீறல்களின் பள்ளத்தில் ஒயில் நிற்கும். மேட்டில் பிஸ்டன் றிங் உரசும். முதல் சில நூறு கிலோமீற்றரில் அந்த மேடுகளின் நுனி தேய்ந்து, றிங்கின் விளிம்பும் தேய்ந்து, இரண்டும் ஒன்றுக்கொன்று அளவாகப் பொருந்தும். கராஜில் இதை ‘றிங் இருந்திட்டுது’ என்பார்கள். றிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டும் அல்ல. எரிகிற வாயுவின் அமுக்கம் றிங்குக்குப் பின்னால் புகுந்து அதை வெளிப்பக்கம் தள்ளுகிறது. எஞ்சினுக்கு வேலையே கொடுக்காமல் ஓடினால் அந்தத் தள்ளு போதாது. றிங் இருக்காது. உரசுகிற இடத்தில் ஒயில் கருகி, வார்னிஷ் பூசியதுபோல் ஒரு படை படிந்து கீறல்களை மூடிவிடும். அதற்குப் பிறகு எத்தனை ஆயிரம் கிலோமீற்றர் ஓடினாலும் றிங் இருக்கப் போவதில்லை. அளவுக்கு மீறி மிதித்தாலோ நுனிகள் தேய்வதற்குப் பதிலாகச் சூடேறிக் கிழிபடும். ஆகவே வேலை கொடுக்கவும் வேண்டும், உடனே காலை எடுத்து ஆறவும் விட வேண்டும். காலை எடுக்கும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் வெற்றிடம் கொஞ்சம் ஒயிலை மேலே இழுத்து, தேய்ந்த உலோகத் தூளைக் கழுவும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 1992-இல், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் கேட்டேன்.

அப்பா வாடகைக்கு ஓடியது ஒஸ்ரின் ஏ-40. யாழ்ப்பாணத்துக்காரருக்கு அந்தக் காரை விளக்கத் தேவையில்லை. ஐம்பதுகளில் கப்பலில் வந்த அந்தக் கார்களும் மொறிஸ் மைனர்களும் இன்றைக்கும் எங்கள் தெருக்களில் ஓடுகின்றன. அவை புதிதாக வந்த காலத்தில், இங்கிலாந்து வழக்கப்படி, முதல் 500 மைலுக்கு மணிக்கு 30 மைலைத் தாண்டக்கூடாது என்பது பொது விதி. ‘ரன்னிங் இன்’ என்று எழுதிய அட்டையைப் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு போவார்கள், பின்னால் வருகிறவர் முந்திப் போகட்டும் என்று. 500 மைலில் முதல் ஒயிலை வடித்துவிட வேண்டும். வடித்த ஒயிலைக் கையில் எடுத்துத் தேய்த்தால் வெள்ளித் தூள்போல் மினுங்கும் என்று அப்பா சொல்வார். ஊர்ப் பெரியவர்களின் நாற்பது கிலோமீற்றர்க் கணக்கு அந்த 30 மைலில் இருந்துதான் வந்திருக்க வேண்டும்.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டது. பொருளாதாரத் தடை வந்தது. குடாநாட்டுக்குப் பெற்றோலும் இல்லை, மின்சாரமும் இல்லை. அந்த நேரத்தில்தான் பழைய ஏ-40களின் மதிப்பு தெரிந்தது. புதிய ஜப்பான் கார்கள் கொட்டிலுக்குள் படங்கு போர்த்தபடி நின்றன. அவற்றின் அமுக்க விகிதம் கூட, மண்ணெண்ணெயை ஊற்றினால் ‘டக டக’ என்று அடிக்கும். ஏ-40-க்கு அந்த விகிதம் ஏழுக்குச் சற்று மேல்தான். அது மண்ணெண்ணெயைத் தாங்கும். ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலைப் பொன்போல் வைத்திருந்து, சில துளி காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் போத்தலை அப்பா வேறு யாரையும் தொட விட்டதில்லை.

அதற்கு எஞ்சின் கொடுத்த விலையைப் பற்றி அதிகம் பேர் எழுதவில்லை. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஒயிலோடு கலக்கும். ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தால் மட்டம் குறைந்திருக்காது, கூடியிருக்கும். முதல் தடவை அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். அப்பாவின் முகம் இருண்டுபோனது. தண்ணீராய்ப்போன ஒயிலில் றிங்கும் சுவரும் உரசித் தேயும். பிறகு றிபோர் அடிக்க வேண்டும். சிலிண்டரை அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு பெருப்பித்துப் பெரிய பிஸ்டன் போடுவது, அடுத்த முறை 30, அதற்கடுத்து 40. அதற்கு மேல் சுவர் தாங்காது என்றால் உள்ளே லைனர் இறக்க வேண்டும். ஜெனரேற்றரில் ஓடுகிற கடைசல் பட்டறை, யாரோ கழற்றி வைத்த பிஸ்டன், எங்கேயோ தேடிப் பிடித்த றிங். இப்படி எங்கள் ஊரில் ‘புது எஞ்சின்’ என்றால் நெடுங்காலம் பழைய எஞ்சினைத் திரும்பப் புதிதாக்கியதுதான். ஒரே காரை இரண்டு மூன்று தடவை ‘ரன்னிங் இன்’ ஓடிய ஓட்டிகள் இங்கே இருந்தார்கள். அந்தப் பழக்கம் வேறு ஊர்களில் புதுக் கார் வாங்குகிறபோது மட்டும் வந்து போகிற விஷயம். எங்களுக்கு அது வயிற்றுப் பிழைப்பின் பகுதி.

கோண்டாவில் பக்கம் இருந்த கராஜில் அந்த வேலையை நான் கிட்ட நின்று பார்த்தேன். கராஜ்காரர் புது றிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து, றிங் கோணாமல் ஓரங்குலம் உள்ளே தள்ளுவார். றிங்கின் இரண்டு முனைக்கும் நடுவில் இருக்கிற வெட்டுக்குள் மெல்லிய தகட்டைச் செருகிப் பார்ப்பார். சிலிண்டர் விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு இடைவெளி வேண்டும். குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டி றிங் முறியும். தகடு இறுகினால் றிங்கை வெளியே எடுத்து, அரத்தில் இரண்டே இழுப்பு இழுத்து, திரும்ப வைப்பார். விளக்கை என்னிடம் தந்து, “கிட்டப் பிடி” என்பார். பிறகு நகத்தால் சுவரை மேலிருந்து கீழே வருடுவார். நகம் ‘கிர்’ என்று கீறல்களில் தட்டிக்கொண்டு இறங்க வேண்டும்.

எஞ்சின் பூட்டியாயிற்று. அப்பா அதைத் தங்கம்போல் ஓடினார். ஆள் ஏற்றவில்லை, பாரம் ஏற்றவில்லை, பதினைந்து மைலுக்கு மேல் போகவில்லை. மண்ணெண்ணெயும் மிச்சம். இரண்டு கிழமை போனது. புகைக்குழாயில் நீலப் புகை அடங்கவில்லை. கராஜுக்குக் கொண்டுபோனால், அவர் பிளக்கைக் கழற்றி, ஒயில் பிடித்திருந்த முனையைத் துணியில் துடைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

“தம்பி, நீர் என்ன செத்த வீட்டுக்கே போனீர்?”

அப்பா ஒன்றும் பேசவில்லை.

“இறுக்கமா இருக்கிறது இளகவேணும் எண்டால் இழுக்க விடவேணும். மூண்டு பேரை ஏத்தும். வல்லை வெளிக்குப் போம். காத்துக்கு எதிரா ஏத்தி எடும், பிறகு காலை எடும். திருப்பித் திருப்பிச் செய்யும்.”

எஞ்சினைத் திரும்பக் கழற்றி, சுவரில் படிந்த படையைக் கல்லால் கீறி எடுத்து, அதே றிங்கைப் போட்டு மூடினார். கூலி வாங்கவில்லை.

குடாநாட்டில் மலை இல்லை. ஒரு ஏற்றம்கூட இல்லை. மற்ற ஊர்களில் புது எஞ்சினுக்கு வேலை கொடுக்க மலைப் பாதை இருக்கிறது. எங்களுக்கு இருப்பது காற்று. ஆவரங்கால், அச்சுவேலியைக் கடந்து நெல்லியடிப் பக்கம் போகிற பருத்தித்துறை வீதியில் வல்லை வெளி வருகிறது. இரண்டு பக்கமும் மரமில்லாத வெட்டவெளி, உவர் நீர். சோளகம் பிறந்தால் தென்மேற்கில் இருந்து அங்கே அடிக்கிற காற்றில் சைக்கிளில் போகிறவர் இறங்கி உருட்டுவார். பருத்தித்துறையில் இருந்து யாழ்ப்பாணம் திரும்பும்போது அந்தக் காற்று நேரே முகத்தில் அறையும். போகும்போது எஞ்சின் ஆறும், வரும்போது இழுக்கும். எஞ்சினின் கூச்சல் காற்றில் எப்படி மாறுகிறது என்று அப்பா தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டே ஓடுவார். மைல் மீற்றர் வேலை செய்யாத கார், ஆகவே போய்வந்த தடவைகளை நான் கொப்பியில் கோடு போட்டு எண்ணினேன். பன்னிரண்டாவது கோட்டுக்குப் பிறகு நீலப் புகை நின்றது.

மருமகனுடன் ஏ-9இல் ஏறியபோது இவ்வளவும் என் மனதில் ஓடியது. வெளிவீதிகளில் காருக்குச் சட்டப்படி 70 கிலோமீற்றர்தான், அது புது எஞ்சினுக்குப் போதும். ஐம்பதில் கொஞ்சம், அறுபத்தைந்தில் கொஞ்சம், திரும்ப ஐம்பது. முன்னால் லொறி வந்தால் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகாமல், பாதை வெளித்தால் பதமாக ஏற்றி முந்துவது. ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒருக்கால் நிற்பது. வவுனியாவுக்குப் பிறகு பாதை நூல் பிடித்ததுபோல் நேராகிறது. கால் தன்பாட்டில் ஓர் இடத்தில் உறைந்துவிடுகிற இடம் அதுதான். நான் இரண்டு தடவை அவரை எழுப்பினேன். முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்பதுபோல் நின்றோம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறித்து, அரை மணித்தியாலம் எஞ்சினை ஆற விட்டோம். அந்த இடத்தில் நின்று போகிற வழக்கம் எத்தனை எஞ்சின்களுக்குச் சூட்டைத் தணித்திருக்கும்!

இன்றைய எஞ்சின் ஏ-40 அல்ல என்பதையும் அவருக்குச் சொன்னேன். இப்போது சுவரின் மேட்டு நுனிகளைத் தொழிற்சாலையிலேயே மழித்துவிடுகிறார்கள். அப்பா பன்னிரண்டு பயணத்தில் செய்த வேலையின் பெரும்பகுதி அங்கேயே முடிந்து வருகிறது. முதல் ஒயிலைச் சீக்கிரம் மாற்றுகிற பழைய விதியும் எல்லாக் காருக்கும் பொருந்தாது. சில கம்பனிகள் குறித்த சேர்விஸ் வருமுன் மாற்றவே வேண்டாம் என்று தெளிவாக எழுதியிருக்கின்றன. கைநூல் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். ஹைபிரிட் கார் என்றால் இன்னொரு கணக்கு: மீற்றரில் 1000 ஓடியிருந்தாலும் அதில் ஒரு பங்கு மின்மோட்டாரில் ஓடியது, எஞ்சின் அவ்வளவு ஓடியிருக்காது. இன்னும் கொஞ்சத் தூரம் பதமாக ஓடுவதில் நட்டமில்லை. ஜப்பானில் ஓடி முடித்து வருகிற ரீகொண்டிசன் கார்களுக்கு இந்தப் பேச்சே இல்லை. அவற்றை யார் எப்படிப் பழக்கினார்களோ, அதன் பலனைத்தான் நாம் வாங்குகிறோம்.

ஊருக்கு வந்த பிறகு மிச்ச ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர் இருந்தது. பருத்தித்துறைக்குப் போய்வர அறுபத்தைந்து அளவில் வரும், ஒன்பது தடவை என்று மருமகன் கணக்குப் போட்டார். ஆடி மாதம், சோளகம் முழுப் பலத்தோடு நின்றது. ஒன்பதாவது தடவை நானும் ஏறினேன். திரும்பும்போது வல்லை வெளியில் காற்று காரை ஓரமாகத் தள்ளியது. “இப்ப குடு” என்றேன். அவர் பதமாக மிதித்தார். எஞ்சின் குரல் எழும்பி, காற்றைப் பிடித்து, இழுத்தது. அறுபத்தைந்தில் காலை எடுத்தார். பாலம் தாண்டி, நிழல் கண்ட இடத்தில் நிறுத்தி, பத்து நிமிடம் பொறுத்து ஒயில் கம்பியை இழுத்துத் துடைத்து, திரும்ப விட்டு எடுத்தோம். மட்டம், கொழும்பில் பார்த்த அதே கோட்டில் நின்றது. மருமகன் கம்பியின் நுனியை விரலில் தொட்டுத் தேய்த்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“மாமா, மினுங்கேல்ல.”

(தொடரும்)