வரி மடக்கும் கலையும் தமிழ் எழுத்தும்

முன்னுரை

எழுதுவோன் கையில் சொல் நீளும். எழுதப்படும் பரப்போ ஓரிடத்தில் முடியும். கல், ஓலை, தாள், கணிப்பொறித் திரை ஆகிய யாவற்றிற்கும் இந்நெருக்கடி பொதுவானது. நீண்ட வரியை எங்கே முறித்து அடுத்த வரிக்குக் கொண்டுசெல்வது என்னும் வினாவிற்கு ஒவ்வொரு காலமும் தனக்குரிய விடையைக் கண்டுள்ளது. கணிப்பொறியின் கட்டளைக் கருவிகள் தமிழ் வரியை எவ்வாறு மடக்குகின்றன, எவ்விடத்தில் தவறுகின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லும் ஓலையும்

செஞ்சிப் பகுதியைச் சார்ந்த மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயிலை நாம் அறிவோம். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இன்றி விசித்திரசித்தன் மூவர்க்கு எடுத்த கோயில் இது என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்ட வடமொழிப் பாடல் அது. கல்லின் அகலமே அங்கு வரியின் அகலம். பொதுவாகக் கல்வெட்டுகளில் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. இடம் முடிந்தால் சொல் பிரிந்து அடுத்த வரியில் தொடரும். ஓலைச்சுவடியிலும் இந்நிலையே. அங்குப் பல இடங்களில் புள்ளியும் இடப்படுவதில்லை. சி. வை. தாமோதரம் பிள்ளை, உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டில் பெரும்பகுதி, தொடர்ந்து ஓடும் எழுத்துகளைச் சொல்லாகவும் சீராகவும் அடியாகவும் பிரித்தறிந்த பாடேயாகும்.

அரபு எழுத்துமுறை கண்ட விடை வேறு. தொன்மையான கூஃபி எழுத்துப் படிகளில், இணையாத எழுத்தை அடுத்துச் சொல் பிரிந்து மறுவரிக்குச் செல்வதுண்டு. பிற்கால எழுத்தர்கள் இதனைத் தவிர்த்தனர். இணைப்புக் கோட்டை நீட்டி வரியை நிரப்பினர். சொல்லைச் சிதைக்காமல் வரியை ஒழுங்குசெய்ய வேண்டும் என்னும் பொறுப்புணர்வு இதில் வெளிப்படுகிறது.

கணிப்பொறியின் கருவிகள்

யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் வரியை மடக்க ஃபோல்டு, எஃப்எம்டி என இரு சிறு கட்டளைகள் உண்டு. ஃபோல்டு என்பது குறித்த அகலம் வந்ததும் வரியை வெட்டும். அகலம் சொல்லாவிடில் 80 எனக் கொள்ளும். ஐபிஎம் நிறுவனம் 1928இல் கொணர்ந்த துளையட்டையின் 80 பத்திகளே பின்னர்த் திரையின் அகலமாக நிலைத்தன. எஸ் என்னும் விருப்பக்குறியைச் சேர்த்தால், ஃபோல்டு இயன்றவரை இடைவெளியிலேயே வெட்டும். எஃப்எம்டி சொல்லை வெட்டாது. ஆயின் ஒரு பத்தியின் குறுவரிகளை ஒன்றாகக் கூட்டி மீண்டும் நிரப்பும்.

ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட்டு. எனவே 80 பைட்டு என்றால் 80 எழுத்து. தமிழுக்கு இக்கணக்குப் பொருந்தாது. ஒருங்குறியின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு இடம் கொள்ளும். மெய்யெழுத்து, உயிர்மெய் அகரத்தின் குறியும் புள்ளியும் சேர்ந்த இரு குறிகளாகும். மண்டகப்பட்டு என்னும் பெயரில் எழுத்து 8, குறி 12, பைட்டு 36. லினக்ஸ் இயங்குதளங்களில் நெடுங்காலம் வழங்கிவந்த ஃபோல்டு பைட்டுகளையே எண்ணியது. அதனிடம் 6 என்னும் அகலம் தந்தால் முதல் வரியில் 'மண' என நிற்கும். புள்ளி மட்டும் தனித்து மறுவரிக்குப் போகும். மண் மணமாகிவிடும். அகலம் 10 எனில் டகரத்தின் முதல் பைட்டு இவ்வரியிலும் எஞ்சிய இரண்டும் அடுத்த வரியிலும் சிதறி, எழுத்தே அழிந்து பொருளற்ற குறி தோன்றும்.

இடைவெளியில் வெட்டச் சொன்னால் இடர் தீருமன்றோ எனக் கேட்கலாம். பெரும்பாலும் தீரும், முற்றும் தீராது. 'செய்துகொண்டிருந்தவர்களுக்காகவும்' என்னும் சொல்லில் எழுத்து 18தான், பைட்டோ 96. 80இல் அது அடங்காது. வெட்டு 'கா' என்பதன் கால்குறிக்கு உள்ளேயே விழும். இவ்வாறு சிதைந்த சொல்லைத் தேடுபொறியும் கண்டெடுக்க இயலாது. மின்னூலாகிவரும் நம் இலக்கியங்களுக்கு இஃது எளிய இழப்பன்று.

யாப்பு காட்டும் வழி

நீண்ட சொல்லைப் பிரித்தே ஆகவேண்டும் எனில் எங்கே பிரிப்பது? விடை நம் யாப்பிலக்கணத்தில் உள்ளது. குறிலும் நெடிலும் தனித்தும் ஒற்றடுத்தும் நேரசையாகும். குறிலிணையும் குறில்நெடிலும் தனித்தும் ஒற்றடுத்தும் நிரையசையாகும். எந்த அசையும் ஒற்றெழுத்தில் தொடங்குவதில்லை. மண்-டகப்-பட்-டு என அசை பிரிக்கின்றோம். இவ்வசையெல்லையில் வெட்டினால் புள்ளியெழுத்து முன்வரியிலேயே தங்கும். 'மண்டக' என முறித்து மறுவரியை 'ப்பட்டு' எனத் தொடங்கும் அவலம் நேராது. அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர்கள் வரித்தொடக்கத்தில் ஒற்று வராமல் காத்ததும் இந்நெறியை ஒட்டியதே.

ஒருங்குறியும் இதற்குப் பாதி வழி செய்துள்ளது. புள்ளியும் உயிர்க்குறிகளும் தமக்கு முன்னுள்ள எழுத்தை விட்டுப் பிரியலாகா என்பது அதன் வரிமுறிப்பு விதி. அவ்விதியைக் கடைப்பிடிக்கும் மென்பொருள்கள் எழுத்தைச் சிதைப்பதில்லை. அசையறிந்து பிரிக்கும் திறனை அவற்றிற்கு ஊட்டுவது தமிழ் கற்றோர் பணி.

செய்யுளைப் பொறுத்தவரை மற்றோர் எச்சரிக்கை தேவை. நான்கடி வெண்பாவை எஃப்எம்டியிடம் கொடுத்தால் அடிகளைக் கூட்டி உரைநடையாக்கிவிடும். எஸ் என்னும் குறியைச் சேர்த்தால் அது நீண்ட வரிகளை மட்டும் பிரிக்கும், குறுகியவற்றைக் கூட்டாது. செய்யுட்கோப்பிற்கு அதுவே தக்கது. மூலக்கோப்பின் படியொன்றைத் தனியே வைத்துக்கொண்டு மடக்குதல் இன்னும் நலம்.

முடிவுரை

கருவி எண்ணுவது பைட்டை. நாம் எண்ணுவது எழுத்தை. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அறியாதவர் கையில் கருவி நூலைச் சிதைக்கும். அறிந்தவர் கையில் அதுவே ஏவலாளாய் உதவும். எழுத்தும் அசையும் தேர்வுக்கு மட்டும் பயிலும் பழம்பாடங்கள் அல்ல. கணிப்பொறிக்குத் தமிழ் கற்பிக்க நம்மிடமுள்ள விதிகள் அவை. இதனை உணர்ந்து நம் மாணவர்கள் இலக்கணத்தையும் கணிப்பொறியையும் ஒருசேரப் பயில்வார்களாயின், ஏட்டிலிருந்து தாளுக்கு நூல்களை மீட்ட முன்னோர் பணி அடுத்த படியிலும் தொடரும்.