வகுப்பறையிலிருந்து வரும் புதுநன்மை

அயர்லாந்தில் மே மாதச் சனிக்கிழமைகள் புதுநன்மைக்கு, அதாவது கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்குக்கு, உரியவை. ஏழெட்டு வயதுச் சிறுமிகள் வெள்ளை கவுனும் முக்காடுமாக, சிறுவர்கள் கோட்டும் டையுமாகக் கோயிலுக்கு வருவார்கள். திருப்பலி முடிந்ததும் உணவகத்தில் விருந்து. வசதியுள்ளவர்கள் வீட்டுத் தோட்டத்தில் பிள்ளைகள் குதித்து விளையாடக் காற்றடைத்த கோட்டையை வாடகைக்கு எடுப்பதும் உண்டு. உறவினர்கள் கவரில் பணம் வைத்துக் கொடுப்பார்கள். நம் ஊர் மொய்தான். நோட்டுப் போட்டு எழுதுவதில்லை, அவ்வளவே. ஆனால் பிள்ளைகளுக்கு எவ்வளவு சேர்ந்தது என்று ஒரு வங்கியே பல ஆண்டுகள் கருத்துக்கணிப்பு நடத்தி வெளியிட்டது. சராசரி பல நூறு யூரோ!

பக்தி பெருகிவிட்டதா என்றால், இல்லை. 1961 கணக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் கத்தோலிக்கர், 2022-ல் அறுபத்தொன்பது. மதமே இல்லை என்று எழுதியவர்கள் ஏழு லட்சத்துக்கும் மேல். பிறகு ஏன் கோயில் பக்கமே போகாத பெற்றோரும் கவுன் தேடி அலைகிறார்கள்?

விடை பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. ஆசிரியர் சம்பளம் அரசு தருவது. ஆனால் தொடக்கப் பள்ளிகளில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது கத்தோலிக்கத் திருச்சபையின் பொறுப்பில் நடப்பவை. 2018-ல் சட்டம் மாறும்வரை, இடத்துக்குப் போட்டி உள்ள கத்தோலிக்கப் பள்ளிகள் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்ற பிள்ளைக்கு முன்னுரிமை தர முடிந்தது. டப்ளினில் இதற்காகவே பிள்ளையைத் திருமுழுக்குத் தொட்டிக்குத் தூக்கிப்போன பெற்றோர் உண்டு. பெற்றோர் மறுத்தால் பாட்டியே சமையலறைக் குழாயடியில் ரகசியமாகத் தண்ணீர் ஊற்றிவிடுவாள் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். பாதிதான் வேடிக்கை.

சேர்க்கை விதி மாறியது, வகுப்பறை மாறவில்லை. புதுநன்மைக்கான ஆயத்தம் இரண்டாம் வகுப்பில், பள்ளி நேரத்திலேயே மாதக்கணக்கில் நடக்கிறது: செபம், பாட்டு, கோயிலில் ஒத்திகை. மத போதனையில் கலந்துகொள்ளாமல் இருக்கும் உரிமையை அரசியலமைப்பின் 44-ஆம் பிரிவு பிள்ளைக்குத் தருகிறது. நடைமுறையில் அந்த உரிமை, பல பள்ளிகளில், கடைசி பெஞ்சில் தனியே உட்கார்ந்து வண்ணம் தீட்டுவதாகச் சுருங்கிவிடுகிறது. தோழிகள் எல்லாரும் கவுனைப் பற்றிப் பேசும்போது, “எனக்கு மட்டும் ஏன் இல்லை?” என்று ஏழு வயதுக் குழந்தை கேட்டால் எந்த அம்மா கொள்கை பேசுவாள்? விவரம் தெரியும் வயது ஏறக்குறைய ஏழு என்று 1910-ல் குறித்தவர் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர். கூட்டத்திலிருந்து விலகி நிற்க அஞ்சும் வயதும் அதுதான்.

இந்தக் கட்டாயத்தைச் சாமியார்கள் சுமத்துகிறார்கள் என்று நினைத்தால் தவறு. புதுநன்மை ஆடம்பரத்தைக் கண்டித்தவர்களில் முக்கியமானவர் டப்ளின் பேராயராக இருந்த டியர்முயிட் மார்ட்டின். இத்தனை பள்ளிகள் திருச்சபையிடம் இருக்கத் தேவையில்லை என்றும் அவரே வெளிப்படையாகப் பேசினார்.

ஆனால் பள்ளியைக் கைமாற்றுவது எளிதாக இல்லை. மதச்சார்பற்ற, பல மதத்தாருக்கும் பொதுவான பள்ளிகளை 2030-க்குள் 400 ஆக்க அரசு இலக்கு வைத்தது. 2019-ல் டப்ளினின் வடபகுதியில் ஏதேனும் ஒரு பள்ளியை மாற்றலாமா என்று பெற்றோரிடம் கருத்துக் கேட்டார்கள். உடனே, மாறினால் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் கொண்டாட்டங்கள் இருக்காது என்ற எச்சரிக்கை கடிதமாகப் பெற்றோர் கைக்குப் போனது. அப்படி எதுவும் நடக்காது என்று கல்வியமைச்சரே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.