மெலிந்த குழந்தையின் எடைக்கோடு

கிள்ளான் பக்கம் மேருவில் காலையில் பசியாற உட்கார்ந்தால், இனிப்புநீர்ப் பேச்சு வராத மேசை குறைவு. யார் மாத்திரையிலிருந்து ஊசிக்கு மாறினார், யாருக்குக் காலில் புண் என்று தே தாரே ஆறும்வரை பேசுகிறோம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடம் அது 31.4. பழியைச் சீனியின் தலையில் போடுகிறோம். அதற்குப் பங்கு உண்டுதான். ஆனால் கதை பால்குடிப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது. அதை எப்படிக் கண்டார்கள் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

நாற்பது வயது நோயாளியிடம் "ரெண்டு வயசுல என்ன எடை இருந்தீங்க?" என்று கேட்டுப் பயனில்லை. அம்மாவைக் கேட்டால் "கொழுகொழுன்னு இருந்தான்" என்பார். யாருக்கு நோய் வரும் என்று ஒருவருக்குமே தெரியாத காலத்தில் எழுதிய பதிவுதான் நம்பத் தகுந்தது. எழுதி வைத்துவிட்டு, பிள்ளைகள் வளரும்வரை காத்திருக்க வேண்டும்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை அதைச் செய்தது. 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் பக்கத்துக் கிராமங்களிலும் பிறந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பதிவு செய்தார்கள். அவர்களில் 2,218 பேரை 26 முதல் 32 வயதுக்குள் தேடிப் பிடித்து, வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்து, குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார்கள். நகரத்தவரில் 3.7 விழுக்காட்டினருக்கு அந்த இளம் வயதிலேயே நோய் வந்திருந்தது, இன்னும் 18.9 விழுக்காட்டினர் அதன் வாசலில் நின்றார்கள். கிராமத்தில் 2.1, 14.3. மெலிந்த, உழைக்கும் கிராமத்து ஆட்களுக்கு இது வராது என்ற நினைப்பு அங்கேயே உடைகிறது.

டெல்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்த 1,492 பேரைத் தொடர்ந்த ஆய்வு 2004இல் வெளியானது. எனக்கு அதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. கிளினிக்கில் தரும் குழந்தைப் புத்தகத்தைத் திறந்தால், வளைந்து ஏறும் கோடுகள் வரிசையாக இருக்கும். பெரும்பாலான பிள்ளைகள் ஏதோ ஒரு கோட்டை ஒட்டியே போவார்கள். டெல்லியில் பின்னாளில் இரத்தச் சர்க்கரை கூடியவர்களோ இரண்டு வயதுவரை மெலிந்திருந்து, அதன்பின் பன்னிரண்டு வயதுக்குள் உயரத்துக்கேற்ற எடையில் கோடு கோடாக மேலே தாண்டிப் போனவர்கள். பன்னிரண்டு வயதில் அவர்களில் ஒருவர்கூட உடல்பருமன் கணக்கில் வரவில்லை. பார்ப்பவர் கண்ணுக்கு, தேறிவிட்ட பிள்ளைகள்.

ஏன் அப்படி? புனேயில் மருத்துவர் யாக்னிக் குழுவினர் கிராமத்துக் குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். பிறந்த எடை சராசரியாகப் புனேயில் 2.7 கிலோ, சவுத்தாம்டனில் 3.5. நம் குழந்தையிடம் தசை மிகக் குறைவு. ஆனால் முதுகுத் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. இரத்தத்துச் சர்க்கரையை வாங்கிச் செலவழிப்பது பெரும்பாலும் தசை. அது குறைந்த உடம்பில் பின்னால் ஏறும் எடை பெரும்பாலும் கொழுப்பாகச் சேர்கிறது.

இந்த ஆய்வுகளுக்கும் ஒரு பலவீனம் உண்டு. வேலூரில் பத்தாயிரம் எங்கே, 2,218 எங்கே! கல்யாணமாகிப் போனவர்கள், பிழைப்புக்கு ஊர் மாறியவர்கள் விடுபட்டுப் போகிறார்கள். அவர்கள் வேறு மாதிரியானவர்களாக இருந்தால் கணக்கு சாயும். தோட்டத்தைவிட்டுத் தாமான் தாமானாகச் சிதறிய நம் குடும்பங்களைத் தேடிப் பிடிப்பது இன்னும் கடினம். மலாயாப் பல்கலைக்கழகம் 2012இல் கோலாலம்பூர், சிலாங்கூர், பேராக் பள்ளிகளில் ஓர் ஆய்வைத் தொடங்கி, மாணவர்களைத் தொடர்ந்து பார்த்தது. நல்ல வேலை, ஆனால் தொடக்கமே 13 வயதில். சிங்கப்பூரில் 2009 முதல் சீன, மலாய், இந்தியத் தாய்மாரைக் கர்ப்பத்திலேயே சேர்த்துத் தொடர்கிறார்கள். அப்படியொன்று கிள்ளானிலும் வேண்டும்.

அதுவரை கையில் இருப்பது அந்தக் குழந்தைப் புத்தகம். மெலிந்து பிறந்த பிள்ளை இரண்டு வயதுக்குள் நன்றாக வளர்வது நல்லது. பயந்துபோய்ப் பாலையோ சோற்றையோ குறைக்காதீர்கள். அதற்கு மேல் கிளினிக்குக்குப் போகும்போது எடையை மட்டும் கேட்டுவிட்டு வராமல், உயரத்துக்கு அந்த எடை சரியா, போன தடவையைவிடக் கோடு தாண்டியிருக்கிறதா என்று தாதியிடம் கேளுங்கள். தாண்டியிருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பள்ளிக்குப் போனதும் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.